நாற்பதில் தொட வேண்டும்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

பெட்டியைத் திறந்ததும் பஞ்சுக்கு மேலே கடிதம் இருப்பதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாய். சுளித்துவிட்டுப் படி. ஒன்பது நாளாக என் போனை எடுக்கவில்லை. உன் அண்ணி கூப்பிட்டால் எடுக்கிறாய், பின்னால் என் இருமல் கேட்டால் வைத்துவிடுகிறாய். உன் ஆய்வகத்துக்கும் எங்கள் தொழிற்சாலைக்கும் நடுவே வாராவாரம் போய்வரும் இந்த மாதிரிப் பெட்டியை மட்டும் உன்னால் பிரிக்காமல் விட முடியாது. கம்பெனி முத்திரை இருக்கிறது அல்லவா?

அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று நீ திரையில் பார்த்தாய். ஆனால் என் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை.

பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் படுக்கை செய்கிறோம். அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி ஒருநாள் பழுதானால், குழந்தையைக் காப்பாற்ற இருப்பது உன் சிப் ஒன்றுதான். தலைமுடியைவிட மெல்லிய தகடு, 'பீம்' என்பாய். கீழே சிலிக்கான், மேலே தங்கப் பூச்சு. சூடு ஏற ஏறத் தங்கம் அதிகமாக விரியும், தகடு கீழ்நோக்கி வளையும், சரியாக நாற்பது டிகிரியில் நுனி அடியில் இருக்கும் முனையைத் தொடும், மின்சாரம் நிற்கும். இப்படித்தான் நீ எனக்கு விளக்கினாய். நான் சோதித்த நாற்பது சிப்பில் இருபத்தொன்பது நாற்பதில் தொட்டன. பதினொன்று நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து வரை தொடவே இல்லை.

மேலாளர் கேட்டார்: "எங்க தப்பு?"

நான் சொன்னேன்: "பீம்லதான் சார். அளந்தவங்க கணக்கு தப்பு."

"அளந்தது உங்க தங்கச்சிதானே?"

"தங்கச்சியா இருந்தா என்ன சார்? தப்பு தப்புதான்."

எல்லோரும் என்னை மெச்சுவது போலப் பார்த்தார்கள். அரை நிமிடம் எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம்தான் திரையில் உன் முகத்தைப் பார்த்தேன்.

சோதிப்பது என் வேலை. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பதினொன்றையும், சரியாக இருந்தவற்றில் பத்தையும் அனுப்பியிருக்கிறேன். நீயே பார்.

அண்ணன்

*

மார்ச் 9

அண்ணா,

முகத்தைச் சுளிக்கவில்லை. பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தேன்.

என் பக்கத்திலிருந்தும் நீ பார்க்கவில்லை. நீ பேசி முடித்ததும் எங்கள் ஆய்வகப் பேராசிரியை திரையின் ஒலியை நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினார். "உங்க வீட்டு ஆளே உங்களை நம்பலையே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார். என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பது இந்த வேலையை வைத்துத்தான். இது உனக்குத் தெரியும், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே சொன்னேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒரு போன் பண்ணி, "பதினொன்று சரியில்லை, என்னவென்று பார்" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு சிப்பையும் அனுப்புவதற்கு முன் அளந்து எண் போட்டிருக்கிறேன். ஒளி பட்டுத் திரும்புவதை வைத்து உயரம் காட்டும் நுண்ணோக்கி என்னுடையது. சிப்பின் மேல் நீங்கள் ஒட்டும் கண்ணாடி மூடியின் வழியாகவே அளக்கும். அனுப்பும்போது எல்லாப் பீமின் நுனியும் அடிமுனையிலிருந்து ஏறக்குறைய ஆறு மைக்ரான் உயரத்தில் இருந்தது. நீ நன்றாக இருக்கிறது என்று அனுப்பிய பத்தும் இன்றும் ஆறில்தான் இருக்கின்றன. அந்தப் பதினொன்று மட்டும் எட்டுக்கு ஏறிவிட்டன. நுனி மேலே போய்விட்டது, அதனால் கீழே வந்து தொட இன்னும் ஐந்து டிகிரி வேண்டியிருக்கிறது. உன் சோதனை சரி. ஆனால் என் கணக்கும் சரி.

நல்ல பத்தில் ஒன்றை எடுத்து நூறு டிகிரி வரை சூடாக்கி ஆறவைத்தேன். இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் போன வழியிலேயே திரும்பி வந்தது.

அப்படியென்றால் என் கையை விட்டுப் போன பிறகு, என் கைக்குத் திரும்பி வருவதற்கு முன், அந்தப் பதினொன்றுக்கு ஏதோ நடந்திருக்கிறது. மூடியை ஒட்டும்போது எத்தனை டிகிரி வைக்கிறீர்கள்? எவ்வளவு நேரம்? பதினொன்றும் ஓவனில் எந்தத் தட்டில் இருந்தன?

பதில் மட்டும் போதும். நலம் விசாரிக்க வேண்டாம்.

*

மார்ச் 13

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிக்கக் கூடாதென்று உத்தரவு. சரி, விசாரிக்கவில்லை. இங்கே யாரும் நலமில்லை என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி, உன் அண்ணிக்கு என்மேல் எரிச்சல், எனக்கு இருமல், ராத்திரித் தூக்கமும் இல்லை.

மூடி ஒட்டும் பசையைக் காயவைப்பது எண்பது டிகிரியில், நான்கு மணி நேரம். செய்முறைத் தாளில் அப்படித்தான் இருக்கிறது. பிரதி வைத்திருக்கிறேன். பதினொன்றும் மேல் தட்டில் இருந்தவை. அதனால் என்ன? மேல் தட்டும் அதே ஓவன்தானே.

இன்னொன்று. "கணக்கு சரி, கணக்கு சரி" என்று நீ எழுதும்போது, நான் கணக்குத் தெரியாதவன் என்று சொல்வது போல இருக்கிறது. நுண்ணோக்கி உன்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன்னை அந்த நுண்ணோக்கி முன்னால் உட்காரவைக்க இந்த வீட்டில் யார் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள் என்பதையும் எப்போதாவது நினைத்துப் பார்.

இங்கே எல்லோரும் அவசரப்படுகிறார்கள். இதே ஓவனில் ஒட்டிய பழைய தொகுதி சிப் வைத்த நான்கு படுக்கைகள் போன மாதமே ஒரு மருத்துவமனைக்கு முன்னோட்டமாகப் போய்விட்டன. அங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை. நீ ஒரு பதில் சொன்னால்தான் அடுத்த தொகுதியை அனுப்ப முடியும். கொஞ்சம் சீக்கிரம் பார்.

அண்ணன்

*

மார்ச் 17

அண்ணா,

இதைத் தனித் தபாலில் அனுப்புகிறேன். பெட்டிக்காகக் காத்திருக்க முடியாது.

பதினொன்றிலும் மூடியைச் சுற்றிய பசை தேன் நிறத்தில் இருக்கிறது. கீழ்த் தட்டில் இருந்ததில் அதைவிடக் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. அதே பசையை வாங்கி எண்பது டிகிரியில் நான்கு மணி நேரம் காயவைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட நிறமே இல்லை. உங்கள் ஓவனில் எண்பது இல்லை. நூறுக்கு மேலே எங்கேயோ. செய்முறைத் தாள் என்ன சொன்னால் என்ன? பசை பொய் சொல்லாது.

சூட்டை யாரோ கூட்டியிருக்கிறார்கள். அந்த ஓவன் சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

அதைப் பிறகு பேசலாம். முதலில் அந்த நான்கு படுக்கைகள். புகார் வரவில்லை என்றால் இதுவரை கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். பழுதானால் நாற்பதில் நிற்க வேண்டிய சூடு நாற்பத்தைந்துக்குப் போகும். உள்ளே படுத்திருப்பது நீயும் நானும் அல்ல. இன்றைக்கே எடு. யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

படிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். பதினாறு வருஷமாக நான் அதை நினைக்காத நாள் இல்லை. ஒவ்வொரு பரீட்சைக்கும் அதை நினைத்துக்கொண்டுதான் போனேன். நீ ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். இப்போது அதுவும் இல்லை.

*

மார்ச் 21

தங்கச்சி,

வியாழக்கிழமை மூன்று மணி நேரம் போனில் இருந்தோம், எண்களைத் தவிர எதுவும் பேசவில்லை. அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சூட்டைக் கூட்டியது நான்தான்.

ஜனவரியில் வேலை தேங்கிவிட்டது. நான்கு மணி நேரம் காயவைத்தால் ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுத்தான் முடிகிறது. பசை டப்பாவோடு வந்த தாளைப் படித்தேன். நூற்றிருபது டிகிரி என்றால் முப்பத்தைந்து நிமிடம் போதும் என்று இருந்தது. பசைக்கு ஆகும் என்றால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்துவிட்டேன். உள்ளே உன் பீம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேலாளரிடம் சொன்னேன், அவரும் சரி என்றார். மாதக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள். செய்முறைத் தாளை அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டேன். விட்டது விட்டதுதான்.

உன் கடிதம் வந்த அன்று மேல் தட்டில் தனியாக ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். வெளியே நூற்றிருபது என்று காட்டுகிறது. மேல் தட்டில், கம்பிச் சுருளுக்கு அடியில், நூற்று முப்பத்தொன்று. நூற்று முப்பத்தொன்றைப் பார்த்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அரை மணி நேரம் நான் யோசித்தது குழந்தைகளைப் பற்றி அல்ல, கைதட்டலைப் பற்றி.

அப்புறம் வேன் டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினேன். பராமரிப்பு வேலை என்று மருத்துவமனை வாசல் பதிவேட்டில் எழுதினேன்.

மூன்று படுக்கைகள் காலியாக இருந்தன, இறக்கி ஏற்றிவிட்டோம். நான்காவதில் ஒரு குழந்தை. பிறந்து நாலு நாள். என் உள்ளங்கையை விரித்தால் அதற்குள் முதுகு அடங்கிவிடும், அவ்வளவுதான்.

செவிலியர் குறுக்கே வந்து நின்றார். "இப்ப எடுக்க முடியாது. மாத்துப் படுக்கை ரெண்டு மணிக்குத்தான் வரும்."

பராமரிப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "இதுல இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச் தாமதமா வேலை செய்யலாம்மா" என்றேன்.

"தாமதம்னா?"

"நாலஞ்சு டிகிரி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க எங்கயும் போகக் கூடாது" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். கையில் வெப்பமானியைக் கொடுத்தார். "இதைப் பார்த்துக்கிட்டே இருங்க. முப்பத்தெட்டைத் தாண்டினா பிளக்கைப் பிடுங்கிட்டு என்னைக் கூப்பிடுங்க."

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். எடுப்பாய் என்று நினைக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தாய். நீ "எவ்வளவு?" என்பாய், நான் "முப்பத்தாறு நாலு" என்பேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. நடுவில் உன் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை முப்பத்தாறு ஒன்பது என்றதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. "கதவு திறந்திருக்கா, வெயில் படுதா பாரு" என்றாய். ஜன்னல் திரை விலகியிருந்தது. இழுத்து மூடினேன், இறங்கியது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மாற்றுப் படுக்கை வந்தது. குழந்தையைத் தூக்கி வைத்தபோது அது கொட்டாவி விட்டது. நான் அழுதுவிட்டேன். அதை நீ போனில் கேட்டிருப்பாய்.

மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் ஊரில் இல்லை, புதன்கிழமை வந்ததும் சொல்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இந்த வரியையே மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அண்ணன்

*

மார்ச் 23

அண்ணா,

நீ புதன்கிழமை மேலாளரிடம் போவதற்குள் இது கையில் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். எல்லாப் பழியையும் நீயே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பாதி என்னுடையது.

போன நவம்பரில் சூடாக்கும் தட்டின் குமிழ் ஒருநாள் சிக்கிக்கொண்டது. நூறில் நிறுத்த வேண்டிய, அடிமுனை வைக்காத சோதனைச் சிப் நூற்று முப்பது வரை போய்விட்டது. நான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நூற்றிருபது வரை பீம் வழக்கம் போலக் கீழே வளைந்தது. அதற்கு மேல் தயங்க ஆரம்பித்தது. ஆறவைத்தபோது போன வழியில் திரும்பவில்லை. புறப்பட்ட இடத்தைவிட மேலே போய் நின்றது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். சூட்டில் தங்கம் விரியப் பார்க்கும், அடியில் ஒட்டியிருக்கும் சிலிக்கான் விடாது. ஓரளவு வரை தங்கம் அந்த நெருக்கலைப் பொறுத்துக்கொள்ளும், ஆறினால் பழையபடி ஆகிவிடும். அளவு தாண்டினால் பொறுக்காது. அதற்குள் இருக்கும் பொடிப்பொடி மணிகள் நகர்ந்து, நெருங்கி உட்கார்ந்துவிடும். பிறகு ஆறும்போது அது முன்பைவிடச் சின்னதாகச் சுருங்கும், சுருங்கி நுனியை மேலே இழுத்துக்கொள்ளும். உன் மேல் தட்டில் நடந்தது இதுதான்.

நவம்பரில் இதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு நோட்டில் "கெட்ட மாதிரி, நீக்கப்பட்டது" என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை நூறு டிகிரி வரைக்கும்தான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "நூறுக்கு மேல் சூடாக்காதீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீ ஓவனைத் திருகியிருக்க மாட்டாய். உன் கையில் வெப்பமானியோடு அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கவும் மாட்டாய். மூன்று மணி நேரமும் நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்வரை வந்தது. குழந்தை பக்கத்தில் இருக்கும்போது உன் கவனத்தைக் கலைக்கக் கூடாதென்று விழுங்கிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இது நல்ல செய்தி. உன் பதினொன்றில் ஒன்றை எடுத்து மறுபடி நூற்று முப்பது வரை சூடாக்கி ஆறவைத்தேன். இந்தத் தடவை அசையவில்லை. பத்து முறை போய்வந்தது, ஒரே கோடு. ஒருமுறை உட்கார்ந்த மணிகள் அந்தச் சூட்டுக்குள் மறுபடி நகர்வதில்லை. அப்படியானால் நாமே முதலில் நூற்று நாற்பதில் சுட்டுவிட்டு, அதற்கப்புறம் அளந்தால் என்ன? நீ நூற்றிருபதில் பசையைக் காயவைத்துக்கொள்ளலாம். ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். நிரூபிக்க வேண்டும்.

அதற்கு முன் நானும் பேராசிரியையிடம் நோட்டை எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். நோட்டைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

தங்கை

*

மார்ச் 27

தங்கச்சி,

சொல்லிவிட்டேன். பூசி மெழுகாமல் சொன்னேன். மேலாளர் மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கு முதல்ல கைதட்டினது யாரு, நான்தானே? தாளைத் திருத்தினியான்னு நானும் கேக்கலியே" என்றார். அவ்வளவுதான். வேலை போகவில்லை. ஒரு மாதத்துக்கு ஓவன் சாவி என்னிடம் இல்லை, எல்லாத் தாளிலும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். மருத்துவமனைக்குக் கம்பெனியே எழுதி உண்மையைச் சொல்லிவிட்டது. அடுத்த தொகுதி நிறுத்தப்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். "இதுக்கா ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க? நான் வேற என்னமோ ஏதோன்னு நினைச்சேன்" என்றாள். வேறு என்ன என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

நீ பாதிப் பழியை எடுத்துக்கொண்டாய். அதைப் படித்த பிறகு என் நெஞ்சில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டும் நேரத்தில் இதையும் கொட்டிவிடுகிறேன். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்து படி.

நான் உனக்காகப் படிப்பை விடவில்லை.

கணக்கில் மூன்று முறை தோற்றேன். மூன்றாவது முறை கல்லூரியிலேயே போகச் சொல்லிவிட்டார்கள். மதிப்பெண் தாளை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, அம்மாவிடம் போய், "ரெண்டு பேரும் படிச்சா எப்படிம்மா? அவ படிக்கட்டும், நான் வேலைக்குப் போறேன்" என்றேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளாக ஆக, நானே அதை நம்பிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். பதினாறு வருஷம். அன்றைக்குக் கடிதத்தில் அதை உன்மேல் வீசினேன் பார், அதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

நீ பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அதைச் சுமந்துகொண்டு போனாய் என்று எழுதியிருந்தாய். இறக்கி வைத்துவிடு. அது காலி மூட்டை.

இனி போனை எடுக்க மாட்டேன் என்றால் புரிந்துகொள்வேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

திருட்டு அண்ணனுக்கு,

பதினாறு வருஷம்!

உன் கடிதத்தைத் தேநீர் அறையில் நின்றுகொண்டுதான் படித்தேன். உட்காரச் சொன்ன வரியைப் படிக்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. முதலில் கோபம் வந்தது, கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் கைப்பிடி உடைந்தது. பிறகு மெத்தைக்கு அடியில் மதிப்பெண் தாளை வைத்துவிட்டு அதன் மேலேயே நீ படுத்துத் தூங்கியதை நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, பக்கத்து ஆய்வகப் பெண் ஓடிவந்து, "வீட்டுல ஏதாவது கெட்ட செய்தியா?" என்றாள். "எங்க அண்ணன் கணக்குல ஃபெயிலாம்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

உனக்குத் தெரியுமா, இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூரில் வேறு வேலை கிடைத்தது. எனக்குப் பிடித்த வேலை. வேண்டாம் என்று எழுதிப்போட்டேன். அண்ணன் படிப்பை விட்டுப் படிக்கவைத்தானே, அதைப் பாதியில் விட்டுப் போவதா என்று. அதற்கு மட்டும் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியவில்லை. மற்றதெல்லாம் சரியாகிவிட்டது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அம்மாவிடம் சொல்லாதே. முட்டிவலியோடு இது வேறு வேண்டாம்.

பேராசிரியையிடம் நோட்டைக் காட்டினேன். பத்து நிமிடம் திட்டினார். நியாயமான திட்டு, ஒரு சொல்கூட வீண் இல்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூறுக்கு மேல என்ன ஆகும்னு நமக்குச் சொன்னது இந்த ஒண்ணுதான். இதைப் போய்க் கெட்ட மாதிரின்னு எழுதியிருக்கீங்களே" என்றார். அறிக்கையைத் திருத்தி எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது, நீக்கியது நான்தான் என்ற வரியோடு. ஒப்பந்தம் பற்றிக் கேட்கத் துணிவில்லை. அவரே சொன்னார்: ஆறு மாதம் நீட்டிப்பு, நூற்று நாற்பது டிகிரி வரை முறையாகத் திரும்ப அளக்க வேண்டும்.

அளந்தேன். புதிய சிப் ஒவ்வொன்றையும் நூற்று நாற்பதில் ஆறு மணி நேரம் சுட்டேன். சுட்டதும் எல்லாம் மேலே எழும்பிவிட்டன, அது தெரிந்ததே. ஒவ்வொரு சிப்பிலும் மூன்று நீளத்தில் பீம் இருக்கிறது. இதுவரை நடுவில் இருப்பதைப் பயன்படுத்தினோம். எழும்பிய பிறகு நாற்பதில் தொடுவது நீளமானது. அதற்கு இணைப்பை மாற்றிவிட்டேன். பிறகு நூற்றிருபதுக்கும் அறை வெப்பத்துக்கும் நடுவே ஐம்பது தடவை. ஒரு வாரம் பகல் முழுக்க அந்தத் திரை முன்னால்தான் இருந்தேன். ஐம்பது கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒற்றைக் கோடாகத் தெரிந்தது.

நாற்பது சிப் அனுப்புகிறேன். உன் ஓவனில், உன் மேல் தட்டில், உன் நூற்றிருபதில் வைத்து மூடியை ஒட்டு. அப்புறம் சோதி. ஒன்று தவறினாலும் எழுது. என் தங்கச்சி என்று பார்க்காதே. உண்மையாகத்தான் சொல்கிறேன், குத்திக்காட்டவில்லை.

தங்கை

*

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

இது ஒப்படைப்புப் படிவத்தின் பின்பக்கம். வேறு தாள் கையில் இல்லை. ஊரின் மறுகோடியில், பேருந்து நிலையத்து சிமென்ட் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் இங்கே வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாற்பதும் மேல் தட்டில்தான் வைத்தேன். சாவி வேறொருவரிடம், அவர் திறந்தார், நான் வைத்தேன், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் சோதனை. மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். முதல் சிப், நாற்பது. இரண்டாவது, நாற்பது புள்ளி இரண்டு. மூன்றாவது, முப்பத்தொன்பது புள்ளி எட்டு. பத்தாவதுக்கு மேல் அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" போட ஆரம்பித்தார். முப்பத்தேழாவது நாற்பது தாண்டியும், தொட்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. மேலாளர் குனிந்து பார்த்து, "விளக்கோட ஒயர் கழண்டிருக்குய்யா" என்றார். மாட்டினோம். மறுபடி ஆறவைத்துச் சூடேற்றினோம். நாற்பது. நாற்பதுக்கு நாற்பது. ஒன்றுகூட அரை டிகிரி தவறவில்லை.

ஒரு வாரம் வைத்திருந்து மறுபடி சோதித்தோம். அதேதான். நான்கு படுக்கைகளிலும் புது சிப்பை வைத்து இன்று காலை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அதே செவிலியர். படிவத்தில் கையெழுத்துப் போடாமல், "சோதிச்சதைக் காட்டுங்க" என்று கை நீட்டினார். உன் கோட்டுப்படத்தையும் என் பட்டியலையும் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அப்புறம் அவரே சூட்டைக் கூட்டி, நாற்பதில் மின்சாரம் நிற்கும் வரை பக்கத்திலேயே நின்றார். நான்கிலும். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தார்.

அந்த நாலு நாள் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். எடை கூடி, போன வாரமே வீட்டுக்குப் போய்விட்டதாம். "அப்படி ஒரு கத்து. வார்டே காலியான மாதிரி இருக்கு" என்றார்.

நான் வெளியே வருவதற்குள் புதிதாகப் பிறந்த ஒன்றைக் கொண்டுவந்து படுக்கையில் வைத்துவிட்டார்கள். கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தேன். காலை ஒருமுறை உதைத்தது, பிறகு தூங்கிவிட்டது. பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை என்று தெரிந்தது. கிளம்பினேன்.

வேன் முன்னமே திரும்பிப் போய்விட்டது, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது டிரைவர் என் தோளைத் தட்டியது. "சார், இதுக்கு மேல வண்டி போகாது." வீட்டு நிறுத்தத்தைத் தாண்டிப் பதினேழு நிறுத்தம் வந்திருக்கிறேன். யாரோ என் மடியில் இருந்து விழுந்த படிவத்தை எடுத்துச் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். உன் அண்ணிக்குப் போன் செய்தேன். "தூங்கிட்டீங்களா? நிஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு மாதமாக ராத்திரியில் நான் விழித்துக் கிடப்பதைப் பார்த்தவள்.

திரும்பிப் போகும் வண்டிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதாம். எழுதி முடித்துவிட்டேன். இங்கே நல்ல காற்று. இன்னும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அண்ணன்